சர்வருக்கு ஆட்டோமேஷன், சாக்கடைக்கு ஆள்

மனிதக் கை படாத தொழில்நுட்பம் என்று ஐ.டி. துறை பெருமையடித்துக்கொள்கிறது. ஆயிரம் சர்வர்களை ஒரே கட்டளையில் எழுப்பலாம். ஒன்று செத்தால் இன்னொன்று தானாக எழுந்து அதன் இடத்தில் நிற்கும். நடுராத்திரியில் யாரும் கண்விழித்துக் காவல் இருக்க வேண்டியதில்லை. நல்லது. ஆனால், எடுக்கப்பட்ட கை யாருடையது? விட்டுவைக்கப்பட்ட கை யாருடையது? தொழில்நுட்ப மாநாடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். நாம் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிப்பதும், செல்போனில் பணம் அனுப்புவதும், ரயில் டிக்கெட் எடுப்பதும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் சர்வர்களால்தான் நடக்கின்றன. இருபது வருடங்களுக்கு முன்பு அந்த சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு ஆள் தயார் செய்தார். மென்பொருளை ஏற்றினார், பாதுகாப்புத் திருத்தங்களைப் போட்டார், நின்றுபோனால் மறுபடி ஓடவிட்டார். திரையில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஷிஃப்ட் போட்டுப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. சிவப்பு எரிந்தால் 'டிக்கெட்' போடுவார்கள். தெரிந்த கோளாறு என்றால் செய்முறைத் தாளைப் பார்த்து அவர்களே சரிசெய்வார்கள், இல்லையென்றால் மேலே அனுப்புவார்கள். இதைத்தான் எல்1, எல்2, எல்3 என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

பிறகு பப்பெட் வந்தது, ஆன்சிபிள் வந்தது, டெர்ராஃபார்ம் வந்தது. 2014இல் கூகுள் நிறுவனம் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 'இந்தச் செயலி எப்போதும் பத்துப் பிரதிகளாக ஓட வேண்டும்' என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். இருக்கவேண்டிய நிலையையும் இருக்கிற நிலையையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்பதாகக் குறைந்தால் பத்தாவதை அதுவே எழுப்பும். கூட்டம் வந்தால் பதினைந்தாக்கும், கூட்டம் கலைந்தால் குறைக்கும். சிவப்பு விளக்கைப் பார்க்க ஆள் வேண்டாம், டிக்கெட் போட ஆள் வேண்டாம், செய்முறைத் தாளைப் புரட்டவும் ஆள் வேண்டாம்.

அதாவது எல்1 வேண்டாம்.

இந்த எல்1 என்பது வெறும் ஒரு வேலையின் பெயர் அல்ல. நம் பிள்ளைகள் ஐ.டி. துறைக்குள் கால் வைத்த முதல் படி அது.

அந்தப் படி வரைக்கும் நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் படிப்புக்கான நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2006இல் சட்டம் போட்டு ஒழித்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக்கட்டணச் சலுகை 2010இல் வந்தது. தனியார் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் அரசாணை 92, 2012இல் வந்தது. அந்த அரசாணையை மதிக்காத கல்லூரிகளோடு சண்டை போட்டு, சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்ட நிர்வாகங்களோடு மல்லுக்கட்டி, ஒரு தலைமுறை பட்டம் வாங்கியது. கூலி வேலைக்குப் போன அம்மா, பெயின்ட் அடிக்கப்போன அப்பா, பட்டம் வாங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு கூகுளிலிருந்தா அழைப்பு வந்தது? வளாகத் தேர்வே நடக்காத கல்லூரியில் படித்த பிள்ளைக்குக் கிடைத்தது, ஒப்பந்த நிறுவனம் மூலமாக ஓஎம்ஆரில் ஒரு ராத்திரி ஷிஃப்ட். எல்1 சப்போர்ட். சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. இருந்தாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வாசலில் கேப் வந்து நின்றது. சேரிக்குள் நுழையும் தெருவிளக்கில்லாத சந்தில் விடியற்காலை கேப் வந்து நிற்பது எத்தனை பெரிய செய்தி என்று மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்தவருக்குப் புரியாது. நமக்குப் புரியும்.

மந்தைவெளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படிப் போனவர். அரசுக் கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து, ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் ராத்திரி ஷிஃப்டில் சர்வர்களைக் கண்காணித்தார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம் கட்டப்பட்டது. ஒருநாள் அந்த வேலை முழுவதும் ஆட்டோமேஷனுக்கு மாறிவிட்டது என்றார்கள். அவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கிளவுட் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினார்கள். இன்று தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. நிற்கவைத்தே வேலை வாங்கிய கடைகள் எத்தனை என்பதை அந்தச் சட்டம் தேவைப்பட்டதே சொல்லிவிடுகிறது.

உடனே ஒரு பதில் வரும். 'அந்த வேலை சலிப்பான வேலைதானே, மெஷின் செய்வதுதானே நல்லது? ஆட்கள் மேலே போகலாமே?' இந்தப் பதிலை நேர்மையாகவே எடுத்துக்கொண்டு பேசுவோம். 2017 ஜனவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மனிதவளத் தலைமை ஒரு கணக்கு சொன்னது. ஒரு வருடத்தில் 8 முதல் 9 ஆயிரம் பேரைக் கீழ்நிலை வேலைகளிலிருந்து ஆட்டோமேஷன் 'விடுவித்தது', அவர்கள் மேம்பட்ட வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள் என்றது. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே படியில் நின்றவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். அவர்கள் காலிசெய்த கீழ்ப்படி என்ன ஆனது? அடுத்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளை எங்கே கால் வைக்கும்? படியில் நின்றவனை மேலே தூக்கிவிட்டுப் படியை உடைத்துவிட்டால், கீழே நிற்பவனுக்கு அந்த வீட்டில் மாடி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

சரி, நேராக மேல்படிக்கே தாவச் சொல்கிறார்கள். அங்கே என்ன கேட்கிறார்கள்? குபெர்னெட்டிஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வின் கட்டணம் டாலரில் இருக்கிறது. நம் காசில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பழகிப்பார்க்க நல்ல லேப்டாப் வேண்டும், தடையில்லாத இணையம் வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு அறை வேண்டும். வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது எந்தக் கதவைச் சாத்துவது? எல்லாவற்றுக்கும் மேலே, கையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்கிறார்கள். அந்த அனுபவம் கிடைத்துக்கொண்டிருந்த வேலையைத்தானே இப்போது இல்லாமல் ஆக்கியிருக்கிறீர்கள்!

இதையும் தாண்டி ஒருவர் தகுதி பெற்றுவிட்டார் என்றே கொள்வோம். சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு வேறு. ஆதிக்கசாதிப் பெயரில், தலித் பெயரில், இஸ்லாமியப் பெயரில் என்று 4,808 விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். ஆதிக்கசாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. இஸ்லாமியப் பெயருக்கு 0.33. நேர்முகத் தேர்வு வரை போகவே இல்லை, வெறும் காகிதத்தில் இருந்த பெயருக்கே இந்த நிலை.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்களுக்கு இந்த நகரத்தின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். கிராமத்து நிலத்திலிருந்து நகரத்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து மென்பொருளுக்கும் தமிழ்ப் பிராமணர்கள் நகர்ந்த கதையை ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்கள். கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸை ஆராய்ந்து, சாதி எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் நூலாக்கினார். ஒவ்வொரு தொழில்நுட்ப மாற்றத்தின்போதும் புதிய வண்டியில் முதலில் ஏறியவர்கள் யார் என்று பாருங்கள். முந்தைய வண்டியில் ஏற்கெனவே சீட்டுப் பிடித்திருந்தவர்கள்தான். அதற்குப் பெயர் திறமையா, தலைமுறைச் சொத்தா?

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அங்கு வேலைசெய்த ஒரு தலித் பொறியாளர் சாதி காரணமாக ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. சம்பந்தப்பட்ட இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. வழக்கின் முடிவு எப்படியும் போகட்டும். அமெரிக்க அரசுத் துறை ஒன்றுக்கு 'சாதி' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவசியம் வந்ததே, அது போதாதா? இங்கே ஓஎம்ஆரில் எத்தனை நிறுவனங்களின் புகார் விதிமுறைகளில் அந்தச் சொல் இருக்கிறது?

அடுத்து அரசுக்கு வருவோம். தனியார்தான் அப்படி என்றால் அரசு என்ன செய்கிறது? தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. அதில் பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18, பழங்குடியினருக்கு 1. இந்தக் கணக்கு எங்கே செல்லும்? நிரந்தர அரசுப் பணியிடத்தில்தான் செல்லும். பெருங்குடி எல்காட் வளாகத்தில் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. இதுபோன்ற மையங்களை டெண்டர் எடுத்த ஆப்பரேட்டர் நிறுவனத்திடம் ஒப்படைத்து நடத்துவதுதான் தேசிய மின்னாளுமைத் திட்டம் வகுத்த முறை. நம் சாதிச் சான்றிதழ் அரசு சர்வரில் இருக்கிறது. அந்த சர்வரைப் பராமரிக்கும் வேலையில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. இனச்சுழற்சிப் பட்டியல் கிடையாது, பின்னடைவுக் காலிப்பணியிடம் என்ற பேச்சே கிடையாது. பணியிடமே இல்லாத இடத்தில் 18 சதவீதம் என்றால் எவ்வளவு? பூஜ்ஜியத்தில் 18 சதவீதம் பூஜ்ஜியம்தான்.

முதலில் அவுட்சோர்சிங், பிறகு ஆட்டோமேஷன். இந்த இரண்டும் அண்ணன் தம்பிகள். அண்ணன் இடஒதுக்கீட்டை வெட்டுகிறான், தம்பி வேலையையே வெட்டுகிறான்.

ஆனால், ஒரு இடத்தில் மட்டும் தம்பி வருவதே இல்லை. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி 2020இலேயே தனியாருக்குப் போய்விட்டது. மயிலாப்பூரின் தேரோடும் வீதிகளையும் தி.நகரின் ரங்கநாதன் தெருவையும் விடியுமுன் கூட்டுகிறவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸை வைத்து அப்புறப்படுத்தினார்கள். அங்கே அண்ணன் வந்தான். தம்பி எங்கே? சர்வர் ஒரு நொடி நின்றால் தானாக எழுப்ப மென்பொருள் எழுதுகிற மூளைகளுக்கு, செப்டிக் டேங்குக்குள் மனிதன் இறங்காமல் இருக்க வழி செய்யத் தெரியாதா?

கூகுளின் பொறியாளர்கள் 2016இல் சர்வர் பராமரிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கையால் செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்து முடித்தாலும் எதையும் மிச்சம் வைக்காதது, வேலை கூடக்கூட ஆளும் கூடவேண்டியது என்று அடையாளங்கள் சொல்லி, இப்படிப்பட்ட உழைப்பை ஒழிக்க வேண்டும் என்று அதில் கொள்கையாகவே எழுதினார்கள். ஒரு பொறியாளரின் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த உழைப்புக்குப் போகக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். அந்த அடையாளங்களை மறுபடி படித்துப் பாருங்கள். கையால் செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது. மலக்குழியைத் தவிர வேறு எது நினைவுக்கு வருகிறது? கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சலிப்பு மனிதகுலப் பிரச்சினை. அதைத் தீர்க்கக் கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது. குழிக்குள் மூச்சுத்திணறிச் சாகிறவரின் சாவுக்கு இழப்பீடு மட்டும் வருகிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சட்டம் இரண்டு வந்தும் சாவு நிற்கவில்லை. எதை மெஷினிடம் கொடுப்பது, எதை மனிதனிடம் விடுவது என்பதை இந்த நாட்டில் பொறியியல் முடிவுசெய்யவில்லை, சாதி முடிவுசெய்கிறது.

இந்தத் துறையில் இன்னொரு சொல்வழக்கும் உண்டு. பழைய காலத்து சர்வர் செல்லப்பிராணி மாதிரி. பெயர் வைத்து, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பார்கள். இன்றைய சர்வர் பண்ணை மாடு மாதிரி. நம்பர் மட்டும்தான், நோய் வந்தால் கொன்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவரலாம் என்பார்கள். இயந்திரத்தை அப்படி நடத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளியைப் பார்க்கிறார்களே! டேட்டா சென்டரைத் துடைக்கும் அக்காவுக்கும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், ஒப்பந்தம் முடிந்த எல்1 ஊழியருக்கும் நம்பர் மட்டும்தானே இருக்கிறது? ஒருவர் போனால் ஏஜென்சி இன்னொருவரை அனுப்பும். அங்கேயும் எப்போதும் பத்துப் பிரதிகள் ஓடவேண்டும்.

இந்த அக்காவும் அண்ணனும் எங்கிருந்து வருகிறார்கள் தெரியுமா? 2000 வாக்கில் தொடங்கி, நகரத்தின் நடுவில் இருந்த நம் குடியிருப்புகளைப் பெயர்த்துக் கண்ணகி நகரில் கொட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம். 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டு செத்தார். இப்படித் துரத்தப்பட்டவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட இடம் எது? அதே ஐ.டி. காரிடார். கண்ணாடிக் கட்டடங்களின் பின்பக்கம். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலையும் கடனும் மறுக்கப்படுவதைப் பற்றி அந்தப் பகுதி இளைஞர்கள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டடத்தின் முன்வாசல் வழியாக அவர்கள் போக ஒரே வழியாக இருந்தது அந்த எல்1 வேலை. இப்போது பின்வாசல் மட்டும் மிச்சம்: துடைப்பம், காவல், கழிவறை.

நாம் மெஷினுக்கு எதிரிகள் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காந்தியவாதிகள் இயந்திரத்தைச் சபித்தபோது, குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே அனுபவிக்கும் சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்று 1945இல் வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். இயந்திரம் இல்லாமல் உழைப்பாளிக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை என்பது அவர் கருத்து. இயந்திரங்களால் உழைப்பு குறையும் காலத்தை 'இனிவரும் உலகம்' என்று வரவேற்றுப் பேசியவர் பெரியார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசர், அச்சு இயந்திரத்தைக் கண்டு அஞ்சவில்லை, அதைக் கைப்பற்றினார். 1960களில் எல்.ஐ.சி.யில் கணிப்பொறி வந்தபோது கல்கத்தாவில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்தது இருந்த வேலையை. நாம் கேட்பது அதுவல்ல. இனி வரும் வேலையிலும், வரும் லாபத்திலும், வரும் ஓய்விலும் நமக்கான பங்கு.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று, தனியார் துறையில் சட்டப்படியான இடஒதுக்கீடு. 2004இல் மத்திய அரசின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்று தொழிலதிபர்களின் சங்கங்கள் 2006இல் நடத்தை விதி எழுதின. மனமுவந்து என்ன செய்தார்கள் என்று நிறுவனவாரியாகக் கணக்குக் காட்டட்டும். அரசு நிலம், மின் சலுகை, 2021 டேட்டா சென்டர் கொள்கையின் சலுகைகள் என்று வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும், எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டு, அரசின் கணினிச் சேவைகளைப் பராமரிக்கும் பணிகள் அரசுப் பணியிடங்களாக வேண்டும், இனச்சுழற்சி அதில் செல்ல வேண்டும். உடனே முடியாது என்றால், டெண்டர் நிபந்தனையிலேயே இடஒதுக்கீட்டை எழுதுங்கள்.

மூன்று, எல்1 வேலையை ஒழித்து மிச்சம் பிடிக்கும் நிறுவனம், அந்த மிச்சத்தில் ஒரு பங்கில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைச் சம்பளத்தோடு பழக்க வேண்டும். 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களில் சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது. சான்றிதழுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

நான்கு, ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2025இல் டி.சி.எஸ். நிறுவனம் 12 ஆயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, சங்கம் எதற்கு என்று கேட்டவர்கள்கூடச் சங்கத்தைத் தேடினார்கள். அந்தச் சங்கங்களில் நம் பிள்ளைகளும் சேர வேண்டும். ஒப்பந்த ஊழியரும் துப்புரவு ஊழியரும் அதில் உறுப்பினராக இடம் வேண்டும். சங்கங்களும் சாதியைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

ஐந்து, முதலாவதாக வந்திருக்க வேண்டியது: மலக்குழியில் மனிதன் இறங்குவதை இயந்திரம் கொண்டு முற்றாக ஒழிக்கும்வரை, இந்த நகரத்தில் 'ஸ்மார்ட்', 'ஆட்டோமேட்டிக்' என்ற சொற்களை எந்த அரசு விழா மேடையிலும் உச்சரிக்காதீர்கள்.

சர்வர் விழுந்தால் தூக்கிவிட ஒரு ஏற்பாடு இருக்கிறது. இருக்கவேண்டிய நிலையை எழுதிவைத்து, இருக்கிற நிலையை அதை நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டு வருகிற ஏற்பாடு. மனிதர்களுக்கும் அப்படி ஒரு கோப்பு 1949இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பெயர் அரசமைப்புச் சட்டம். இருக்கவேண்டிய நிலை அதில் தெளிவாக இருக்கிறது. அதை ஓடவிடத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை எந்த மெஷினும் செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

ஜெய்பீம்.